இருவர்க்கு வைத்த உலை

ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை. கரையிலே ஒரு மடம். இரண்டுக்கும் இடையில் மணல். இந்தக் கதைக்கு இவ்வளவு இடம் போதும்.

வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஆற்றில் தண்ணீர் கிடையாது. வெள்ளாடு குறுக்கே நடந்து அக்கரைக்குப் போய் மேய்ந்துவிட்டு வரும். ஆடி பிறந்து மேற்கே மழை விழுந்தால் ஒரு நாள் புதுத் தண்ணீர் வரும். அன்றைக்கு மடத்துச் சீடர்களில் ஒருவர் போய் அந்தப் பாறையில் உட்காருவார். மடத்தில் சேர்ந்த வரிசைப்படி, வருஷத்துக்கு ஒருவர். தலைவருக்கும், ஏடு வாசிக்கிறவருக்கும், பொருள் சொல்கிறவருக்கும் மட்டும் அந்த முறை கிடையாது. தண்ணீர் வரும்போது எழுந்திருக்கக் கூடாது. அதுதான் முறை.

முறைக்கு ஆதாரம் ஓர் ஏடு. மடத்தைத் தொடங்கிய முதல்சாமி தன் கையால் எழுதி வைத்தது. பெரிய ஏடு ஒன்றும் இல்லை. அதன் நடுவில் இப்படி இருக்கும்:

‘நீ பெரிய ஞானி. ஆற்று நடுவே போய் உட்கார். ஆறு உன்னை அறியும். அறிந்து ஒதுங்கும். நேற்றும் இருவர்க்கு உலை வைத்தேன். ஒரு பங்கு காகத்துக்கு.’

முதல்சாமிக்கு ஒரே ஒரு சீடர் இருந்தாராம். அவர்தான் முதன்முதலில் பாறையில் போய் உட்கார்ந்தாராம். ஆறு அவரை அப்படியே தன்னோடு சேர்த்துக்கொண்டதாம். மடத்தில் இப்படித்தான் சொல்வார்கள்.

பல வருஷம் வருகிற தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. பாறைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். உட்கார்ந்தவர் நனைந்த வேட்டியோடு திரும்பி வருவார். ஒதுங்கியது பார் என்று ஊரார் மாலை போடுவார்கள். ஆற்றில் பாறை கிடந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்துதானே ஓடும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

சில வருஷம் அப்படி நடக்காது. வெள்ளம் வடிந்து பார்த்தால் வெறும் பாறை நிற்கும். ஆறு அவரை அறியவில்லை, பக்குவம் போதவில்லை பாவம் என்று பேசிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள்.

மடத்தில் சாயங்காலம்தோறும் ஏடு வாசிக்கிற வழக்கம் உண்டு. ஒருவர் வாசிப்பார், ஒருவர் பொருள் சொல்வார். வாசிக்கிறவர் அம்பலவாணர். அறுபதை ஒட்டிய வயசு. வெண்கல மணியைத் தட்டினாற்போல் குரல். ஓர் எழுத்தை விழுங்க மாட்டார், ஓர் எழுத்தைக் கூட்ட மாட்டார். எந்த அடியாக இருந்தாலும் ஒரே ராகம்தான். ராகம் ஏறி ஏறிப் போய் ‘ஒதுங்கும்’ என்கிற இடத்தில் உச்சியில் நிற்கும். கேட்கிற கூட்டம் ‘ஒதுங்கும், ஒதுங்கும்’ என்று கை குவிக்கும்.

பொருள் சொல்கிறவர் தாண்டவராயர். மூத்தவர், பெரிய படிப்பாளி. இருவர் என்றது பதியும் பசுவும், அதாவது இறைவனும் உயிரும் என்பார். உலை என்றது உடம்பு. காகம் என்றது கருத்த அஞ்ஞானம். இலையில் இருக்கிற சோற்றைச் சோறு என்று விட்டாலும் ஏட்டில் எதையும் சோறு என்று விட மாட்டார்.

கடைசியில் வாழ்த்து. அது முதல்சாமி எழுதினது அல்ல, அதற்குப் பிற்பாடு யாரோ பெரியவர் வாக்கைச் சேர்த்தது என்பார்கள். அம்பலவாணர் மடத்துக்கு வருமுன்பே அது ஏட்டில் ஏறியாகிவிட்டது. ‘ஆளுக்கு ஒருவராய்ப் போங்கள். ஆறு நிறையட்டும்.’ இவ்வளவுதான் வாழ்த்து. நாடு செழிக்க, மழை பொழிய, நதி நிறைய என்று தாண்டவராயர் பொருள் சொல்வார். ஜனங்களுக்கு அந்த வாழ்த்து ரொம்பப் பிடிக்கும். கல்யாண வீட்டில்கூடப் பாடுவார்கள்.

மடத்துத் தலைவர் வேம்புசாமி. அம்பலவாணரைவிட வயசில் இளையவர். வாசிப்பு முழுக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். வாழ்த்துத் தொடங்குகிற நேரம் பார்த்து எழுந்து போய்விடுவார். மடத்து வாழ்த்தைத் தலைவரே உட்கார்ந்து கேட்பது அகங்காரம் என்று சாமி நினைக்கிறார், எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று அதற்கும் ஒரு பொருள் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் பாறைமுறை சடையனுக்கு வந்தது.

சடையன் மடத்துச் சமையல்காரன், சீடனும்தான். அவனுக்கும் அம்பலவாணருக்கும் வயசு ஒன்று, வாய் ஒன்று. மற்ற எல்லாருக்கும் பரிமாறி முடித்த பிற்பாடு, அடுப்படி ஓரத்தில் இரண்டு இலை போட்டு அவர்கள் இரண்டு பேரும் கடைசிப் பந்தியாக உட்காருவார்கள். அந்த வேளைக்கு நடக்கிற பேச்சு ஏட்டில் ஏறாத பேச்சு. சடையன் இவரை ஓலைவாயர் என்பான். இவருக்கு அவன் உப்புச்சாமி.

சடையனுக்கு உப்பில் கை நிற்காது. குழம்பு கரித்துக் கிடக்கும் நாளில் அம்பலவாணர் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஆகா, அமிர்தம். நாளைக்கு இன்னும் ரெண்டு கை போடு சடையா. சமுத்திரக் கரைக்கே போய் வந்தாப்போல இருக்கு” என்பார். சடையன் அகப்பையை ஓங்கிக்கொண்டு வருவான். மறுநாள் குழம்பில் உப்பு குறையும். நாலு நாள் கழித்து மறுபடி ஏறும்.

தன் முறை வந்த செய்தியை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆற்றுக்கு உப்புப் போட ஆள் கேட்டிருக்காங்க, ஓலைவாயரே, என்றான்.

அம்பலவாணருக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கேயிருந்து கிடை மறித்துக்கொண்டு வந்த ஆட்டுக்காரர்கள் முந்தின நாள்தான் சொல்லிப் போயிருந்தார்கள். மலையில் கிழக்கும் மேற்கும் தெரியாமல் கொட்டுகிறது, ஓடையெல்லாம் செக்கச் செவேலென்று போகிறது, பாலத்துக்குக் கீழே மாடு மிதந்து போனதைக் கண்ணால் பார்த்தோம் என்று. இந்த வருஷம் வரப்போவது முழங்கால் தண்ணீர் அல்ல. அது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததனால் கூட்டம் கூடுதலாக வரப் போவதாகவும் பேச்சு இருந்தது.

மத்தியானம் அம்பலவாணர் வேம்புசாமியைத் தேடிப் போனார். சாமி மடத்துப் பின்கட்டில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். கொட்டை ஒரு பக்கம், கோது ஒரு பக்கம்.

“சாமி, முதல்சாமி வாக்கு பலிக்காமல் போகுமா?”

“என்ன வாக்கு?”

“ஆறு ஒதுங்கும் என்றது.”

“வாசியும், கேட்கிறேன்.”

அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ஏடு வேண்டியதில்லை, மனப்பாடம். ராகம் ஏறிப் போய் உச்சியில் நின்றது. பின்கட்டு மரத்தில் இருந்த குருவிகூடக் கொஞ்சம் வாயை மூடியது.

சாமி புளியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“சடையன் குழம்பில் உப்பு கூடிப்போனால் அவனிடம் என்ன சொல்வீர்?”

அம்பலவாணருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று விளங்கவில்லை. கேட்டது சாமியாயிற்றே என்று சொன்னார். “ஆகா, அமிர்தம், நாளைக்கு இன்னும் ரெண்டு கை போடு என்பேன்.”

“மறுநாள் ரெண்டு கை கூட்டிப் போடுவானோ?”

“குறைப்பான், சாமி.”

“கூட்டச் சொன்னீரே.”

“நான் சொன்ன விதம் அவனுக்குத் தெரியாதா? வாயில் கரிப்பை வைத்துக்கொண்டுதானே சொல்கிறேன்.”

“சரி” என்றார் சாமி. “வாயில் அந்தக் கரிப்போடே ஏட்டை வாசியும்.”

அம்பலவாணர் வாயைத் திறந்தார். ராகம் தானாக வந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு, அடுப்படியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற குரலில், மெதுவாகச் சொன்னார்.

“நீ பெரிய ஞானி. ஆற்று நடுவே போய் உட்கார். ஆறு உன்னை அறியும். அறிந்து ஒதுங்கும்…”

அங்கேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷம் வாசித்த வாய் அது. இத்தனை வருஷத்தில் அவர் வாசிக்காத ஒன்று இப்போது வெளியே வந்திருந்தது. முகத்தில் வெந்நீர் பட்டாற்போல் இருந்தது.

“மேலே வாசியும்.”

“நேற்றும் இருவர்க்கு உலை வைத்தேன்.” அதற்கு மேல் வாசிப்பாக வரவில்லை, பேச்சாகத்தான் வந்தது. “சாமி, இது பதியும் இல்லை, பசுவும் இல்லை.”

சாமி ஒரு கொட்டையைப் பிதுக்கி எடுத்துப் போட்டார்.

“அவருக்கு ஒரே ஒரு சீடர். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அந்த ஆள் கேட்காமல் போயிருக்கிறார். ஆறு கொண்டு போயிருக்கிறது. மறுநாளும் இவர் பழக்கத்தில் ரெண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டார். இது உபதேசம் இல்லை சாமி. இது வயிற்றெரிச்சல். செத்தவனைத் திட்டியிருக்கிறார். அழ மாட்டாமல் திட்டியிருக்கிறார்.”

“கோது விழுந்திருக்கிறது, பார்த்து நடவும்” என்றார் சாமி.

அம்பலவாணர் அப்படியே கீழே உட்கார்ந்தார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சடையன் நின்றுவிடுவான் என்று கெஞ்சினார். தான் சொல்ல வேண்டியதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், முதலில் நீர் போய்ச் சொல்லிப் பாரும், உம்முடைய குரலைக் கேட்டுத்தானே அவன் மடத்துக்கு வந்தான் என்றும் சாமி சொன்னார். சொல்லிவிட்டு மறுபடி புளியைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் இருந்தது என்ன என்று அம்பலவாணர் அப்போது பார்க்கவில்லை. பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை.

அடுப்படியில் சடையன் பானைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். நாளைக்கு யார் கைக்கு எது எட்ட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அடுக்கினான். அம்பலவாணர் எல்லாவற்றையும் சொன்னார். உப்பையும் சொன்னார், உலையையும் சொன்னார். சடையன் முதலில் சிரித்தான். பயந்து போனீர், ஓலைவாயரே, நாளைக்கு உமக்கு யார் சோறு போடுவாங்கன்னு பயம், என்றான். இவர் விடவில்லை. அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“எத்தனை பேர் உட்கார்ந்த பாறை. என் முறை வர்றப்ப மட்டும் அது கேலியாப் போச்சா?”

“எல்லாருக்கும் கேலிதான்டா. நான்தான் தப்பா வாசிச்சேன். ஆரம்பத்திலிருந்தே தப்பா வாசிச்சேன்.”

சடையன் கையில் இருந்த பானையைக் கீழே வைத்தான்.

அவன் கதை அம்பலவாணருக்குத் தெரியும். மேற்கே இதே ஆற்றங்கரையில்தான் அவன் ஊர். பெண்சாதி பூவாயி துணி துவைக்கப் போனாள். பிள்ளையும் கூடப் போயிற்று. மேலே மழை பெய்தது கீழே யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் சடையன் சோறு தண்ணீர் இல்லாமல் கரையோடு கரையாக நடந்து வந்திருக்கிறான். இந்த மடத்துப் பக்கம் வந்தபோது சாயங்கால வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. மதிலுக்கு வெளியே நின்று அம்பலவாணர் குரலைக் கேட்டான். ‘ஆறு உன்னை அறியும்.’ அன்றைக்கு உள்ளே வந்தவன்தான்.

“உம்ம குரல் சொல்லிச்சு, ஆறு ஆளை அறியும்னு” என்றான் சடையன். “அறிஞ்சு எடுத்துக்கிட்டதுன்னா பூவாயி எங்கேயோ இருக்கா. பிள்ளை அவ இடுப்புல இருக்கு. அதை நம்பித்தான் இத்தனை வருஷம் நான் சோறு தின்னேன், உங்களுக்கும் ஆக்கிப் போட்டேன். இப்ப வந்து அது கேலின்னு சொன்னா, என் பெண்டாட்டி பிள்ளையை எடுத்தது எது? சும்மா தண்ணியா?”

அம்பலவாணர் ஆமாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

“தப்பா வாசிச்சிருந்தா, அந்தத் தப்பையே நாளைக்கும் வாசியும்” என்றான் சடையன். “கரையில நின்னு நல்லாக் கேட்கிற மாதிரி வாசியும்.” பிறகு பானையை எடுத்துக்கொண்டான். உப்புச் சாடி இருக்கிற இடம் உமக்குத் தெரியும், புது ஆள் வந்தால் எடுத்துக் கொடும், அவனுக்கும் கை நிற்காமல் போகப் போகுது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் மேற்கே தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. வண்டிகள் சேர்ந்து பாலத்தில் ஏறினாற்போல. புதுத் தண்ணீர் பக்கத்து ஊரைத் தாண்டிவிட்டது என்று ஆள் வந்து சொன்னான்.

சடையன் குளித்து, திருநீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். மடத்து வாசலில் வேம்புசாமி நின்றார். கதவின் இரண்டு பக்கமும் கை வைத்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வாய் திறக்கவில்லை. கண் மட்டும் சடையன் முகத்திலேயே இருந்தது.

சடையன் நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான். எழுந்து, அவர் கைக்குக் கீழே குனிந்து, வெளியே போனான்.

“இரண்டு கையாலும் ஆசீர்வாதம்” என்றார் தாண்டவராயர். “இந்த மடத்தில் இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.” கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சாமியின் கை தானாகக் கீழே இறங்கியது. அவர் ஆற்றுப் பக்கம் வரவில்லை. திரும்பி அடுப்படிக்குப் போனார். பாறைமுறை நாளில் எப்போதும் சாமிதான் உலை வைப்பார். அதற்கும் ஏதோ ஒரு பொருள் சொல்லியிருந்தார்கள்.

கரையில் கால் வைக்க இடமில்லை. கடலை விற்கிறவன்கூட வந்திருந்தான். தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கரையில் நின்று ஏட்டை வாசிப்பது வாசிக்கிறவர் கடமை. அம்பலவாணர் ஏட்டைக் கையில் பிடித்தார். நடு ஆற்றில் பாறைமேல் சடையன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இங்கிருந்து பார்க்க ஒரு கவிழ்த்த பானை அளவுக்கு இருந்தான்.

அவன் கேட்டுக்கொண்டது அம்பலவாணர் நினைவில் இருந்தது. ஆனாலும் அவர் ராகத்தை விட்டுவிட்டார். முதல்சாமி எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படியே சொன்னார். வயிறு எரிந்து, பல்லைக் கடித்து, இனி வர மாட்டான் என்று தெரிந்த ஒருவனைத் திட்டுகிற மாதிரி.

“நீ பெரிய ஞானி.”

ஊர் கேட்கட்டும். ஒருத்தருக்காவது உறைக்கட்டும். ஒருத்தர் ஓடினால் நாலு பேர் ஓடுவார்கள், நாலு பேர் போனால் அவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். அதுதான் அவர் நினைப்பு.

“ஆற்று நடுவே போய் உட்கார். ஆறு உன்னை அறியும். அறிந்து…”

குரல் உடைந்தது. வெண்கலம் உடைந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கூட்டத்தில் சத்தம் அடங்கியது. உறைத்துவிட்டது என்று அம்பலவாணர் தலையைத் தூக்கினார். ஜனங்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

தாண்டவராயர் தாழ்ந்த குரலில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “பாருங்கள். பதியும் பசுவும் கலக்கிற இடம். தொண்டை அடைக்கிறது பாருங்கள். இப்படி ஒரு உருக்கத்தை நான் கேட்டதே இல்லை.” பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “ஒதுங்கும், ஒதுங்கும்” என்றது கரை. விம்மலோடு சொன்னதால் முன்னெப்போதையும்விட நன்றாக இருந்தது.

அம்பலவாணர் ஏட்டைப் போட்டுவிட்டு மணலில் இறங்கி ஓடினார். எழுந்து வாடா, உப்புச்சாமி, எழுந்து வாடா என்று கத்திக்கொண்டே ஓடினார். நாலு பேர் ஓடியது உண்மைதான். ஓடி வந்து இவரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆவேசம் வந்துவிட்டது, கெட்டியாகப் பிடியுங்கள் என்று ஒருவர் சொன்னார். ஒருவர் நெற்றியில் திருநீறு பூசினார்.

பாறையில் இருந்தவன் இந்தப் பக்கம் திரும்பினான். வலது கையை ஓங்கிக் காட்டினான். அகப்பையை ஓங்குகிற மாதிரி. இன்னும் ஆற்றை நம்பி ஓங்கினானா, எல்லாம் புரிந்துதான் ஓங்கினானா என்று அம்பலவாணருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பிறகு தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கின மரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. பாறை இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீர் எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை.

பிறகு யாரோ ஒரு பெரியவர் ஆறு அறியவில்லை என்றார். பாவம், என்றார் இன்னொருவர். வழக்கப்படி வாழ்த்துப் பாட வேண்டும். வாசிக்கிறவருக்குத் தன் நினைவு இல்லாததால் கூட்டமே பாடியது. ‘ஆளுக்கு ஒருவராய்ப் போங்கள். ஆறு நிறையட்டும்.’ சின்னப் பிள்ளைகள்கூடச் சேர்ந்து பாடின. ராகம் அம்பலவாணர் கற்றுக் கொடுத்த ராகம்தான். ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை.

மறுநாள் மத்தியானம் மடத்தில் எல்லாருக்கும் பரிமாறியாயிற்று. சாமி வடித்த சோறு. உப்பு அளவாக இருந்தது.

அம்பலவாணர் கடைசிப் பந்திக்கு அடுப்படி ஓரம் வந்தார். இலைக் கட்டிலிருந்து இலையை எடுத்துப் போட்டார். தண்ணீர் தெளித்தார். சோற்றை வைத்தார். குழம்பை எடுக்கத் திரும்பியவர், திரும்பினபடியே நின்றார்.

இரண்டு இலை போட்டிருந்தார். இரண்டிலும் சோறு வைத்திருந்தார்.

பிறகு இரண்டாவது இலையைச் சுருட்டாமல், இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மதில் மேல் வைத்தார். கூப்பிட வேண்டியிருக்கவில்லை. காகம் தானாகவே வந்தது. அது சும்மா காகமாகத்தான் இருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வேம்புசாமி வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் காகம் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சாமி, உங்களுக்கு இது முன்னாலேயே தெரியும்.”

“தெரியும்.”

“எத்தனை பேர் போய்விட்டார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லாரையும் உட்கார வைத்து வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேன்.”

“எப்போது சாமி?”

“நீர் மடத்துக்கு வருவதற்கு முன்னால். நான் தலைவனாக வந்த வருஷம் என் கூடப்பிறந்தவன் பாறைக்குப் போனான். மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அடிவயிறு எரிந்தது. எரிந்த வாக்கில் சொன்னேன்.”

“பின்னே ஏன் அது ஒருத்தருக்கும் தெரியவில்லை?”

காகம் இலையைக் கவ்வி இழுத்தது. இலை மதிலைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

“எல்லாருக்கும் தெரியுமே, அம்பலவாணரே” என்றார் சாமி. “தாண்டவராயர் அன்றைக்கே எழுதி ஏட்டுக் கடைசியில் சேர்த்துவிட்டார். நீர்தானே அதைத் தினமும் ராகம் போட்டுப் பாடுகிறீர்.”